ஊருக்குத் திரும்பும் முதல் தலைமுறை: சீனாவின் ஹுகோ முறை பற்றி ஒரு விவாத இழை

தாழையூத்து

சீனா பற்றி இங்கே எந்த இழை தொடங்கினாலும் பத்தாவது பதிவுக்குள் புல்லட் ரயிலுக்கும் ஷென்ஜென் கட்டடங்களுக்கும் போய்விடுகிறோம். அதையெல்லாம் கட்டினவர்களைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. அதனால்தான் தனி இழை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடிக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும். சீனா நாற்பது வருஷம் மலிவாகப் பொருள் செய்து விற்றதற்குக் கூலி குறைவு என்பது பாதிக் காரணம்தான். ஒரு தொழிலாளியைப் பெற்று வளர்த்து, படிக்கவைத்து, நோய் வந்தால் பார்த்து, வயதான பிறகு சோறு போடுகிற செலவு முழுக்கக் கிராமத்தின் தலையில் விழுந்தது. நகரத்துக்கு வந்து சேர்ந்தது 18லிருந்து 50 வயது வரைக்குமான உழைப்பு மட்டும். இதைச் சாத்தியமாக்கியது ஹுகோ என்கிற குடும்பப் பதிவு முறை. 1958 ஜனவரியில் சட்டமானது. விவசாயப் பதிவு, விவசாயம் அல்லாத பதிவு என்று நாட்டு மக்களையே இரண்டாகப் பிரித்தார்கள். 1998 வரை குழந்தைக்குத் தாயின் பதிவுதான், அப்பா நகரத்துக்காரராக இருந்தாலும் பிரயோஜனமில்லை. நகரப் பதிவு இருந்தால் ரேஷன், வேலை, வீடு, ஆஸ்பத்திரி. கிராமப் பதிவு என்றால் கம்யூன் என்கிற கூட்டுப் பண்ணையில் விளைவதில் என்ன மிஞ்சுகிறதோ அது. 1959-61 பஞ்சத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் தானியம் விளைவித்தவர்கள்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

1980க்கு அப்புறம் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. வரலாம், வேலை செய்யலாம், ஆனால் பதிவு ஊரிலேயே இருக்கும் என்றார்கள். கிராமப் பதிவோடு விவசாயம் அல்லாத வேலை பார்க்கிறவர்கள் 2023 கணக்கில் 29.75 கோடி. அதில் 17 கோடிக்கு மேல் சொந்த வட்டாரத்தை விட்டு வெளியே இருப்பவர்கள். முதலில் கிளம்பிய தலைமுறை இப்போது 60ஐத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அவர்களை யார் பார்ப்பது என்பதுதான் என் கேள்வி.

---

கணக்கப்பிள்ளை

நண்பரே, நீங்கள் சொன்னது நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் கதையில் ஒரு பெரிய துண்டை விட்டுவிட்டீர்கள். நிலம்.

1978 குளிர்காலத்தில் அன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்ற சின்ன ஊரில் 18 விவசாயிகள் ரகசியமாக ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். கம்யூன் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குரிய பங்கை அளந்துவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது. மாட்டிக்கொண்டு யாராவது ஜெயிலுக்குப் போனால் மற்றவர்கள் சேர்ந்து அவர் பிள்ளைகளை 18 வயது வரை வளர்ப்பது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. இன்று அந்தக் காகிதம் பெய்ஜிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே தொடங்கியது சில வருஷங்களில் நாடு முழுக்கப் பரவி, 1984 வாக்கில் கம்யூன் என்பதே இல்லாமல் போனது. ஒவ்வொரு கிராமக் குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலத்தில் உழும் உரிமை. விற்க முடியாது, அதனால் குடித்துத் தொலைக்கவும் முடியாது, கடனுக்குப் பறிகொடுக்கவும் முடியாது.

2008 நெருக்கடியில் ஏற்றுமதி விழுந்தபோது சுமார் 2 கோடிப் பேருக்கு வேலை போய் ஊருக்குத் திரும்பினார்கள். 2009 தொடக்கத்தில் அரசே சொன்ன எண்ணிக்கை அது. வேறு நாடாக இருந்தால் தெரு பற்றி எரிந்திருக்கும். அங்கே ஏன் எரியவில்லை? திரும்பிப் போனால் ஒரு வீடும் சாப்பாட்டுக்கு ஒரு வயலும் இருந்தது. பெய்ஜிங்கையும் ஷாங்காயையும் சுற்றி லட்சக்கணக்கான ஓலைக்குடிசைகள் கிளம்பாததற்கும் இதுதான் காரணம். ஹுகோவைக் கொடுமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

---

செங்காந்தள்

குடிசை கிளம்பவில்லை என்பதை இவ்வளவு பெருமையாகச் சொல்கிறீர்களே, எப்படிக் கிளம்பாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

2003 மார்ச்சில் குவாங்ஜோவில் சுன் ஜிகாங் என்ற 27 வயது இளைஞரைத் தெருவில் நிறுத்தினார்கள். ஹுபெய் மாகாணத்துக்காரர், பட்டதாரி, துணி நிறுவனம் ஒன்றில் வடிவமைப்பாளர் வேலை. தற்காலிகக் குடியிருப்பு அட்டை கையில் இல்லை. பிடித்துக்கொண்டு போய் வைத்த இடத்தில் அடித்தே கொன்றுவிட்டார்கள். அட்டை இல்லாதவர்களைப் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் அந்தச் சட்டம் இவர் சாவுக்குப் பிறகுதான், அதே வருஷம் ஜூனில், நீக்கப்பட்டது. அவர் பட்டதாரியாக இருந்ததால்தான் நாளிதழில் செய்தி வந்தது, நாடு கொதித்தது. செங்கல் சுமக்கிறவர் யாராவது அப்படிச் செத்திருந்தால் நமக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

அது பழைய கதை என்பீர்கள். 2017 நவம்பரில் பெய்ஜிங்கின் தாசிங் பகுதியில் வெளியூர்த் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 19 பேர் செத்தார்கள். உடனே பாதுகாப்பு நடவடிக்கை என்று சொல்லி நகரம் முழுக்க இப்படிப்பட்ட கட்டடங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். சில இடங்களில் ஒரு நாள் அவகாசம்கூட இல்லை. வெளியே உறைபனி. மூட்டை முடிச்சோடு குடும்பம் குடும்பமாக நடைபாதையில் நின்றார்கள். குடிசை இல்லாத நகரம் என்பது இப்படித்தான் உருவாகிறது.

---

சும்மா ஒருவன்

நம்மூருக்கு வருகிற பீகார், ஒடிசா ஆட்களும் இதே நிலைதானே?

---

செங்காந்தள்

வேலைச் சூழல் ஒன்றாக இருக்கலாம், சட்டம் ஒன்றல்ல. நாட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் போய்த் தங்கலாம் என்பது இங்கே அரசியலமைப்பு தந்த உரிமை. 1954 அரசியலமைப்பில் இருந்த இடம்பெயரும் உரிமையைச் சீனா 1975 அரசியலமைப்பில் நீக்கியது, அப்புறம் சேர்க்கவே இல்லை. பீகார் பேச்சுக்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

---

ஈவூ சரக்கு

நான் புத்தகம் படித்துப் பேசுகிறவன் இல்லை. சீனாவின் ஈவூ மொத்தச் சந்தையில் பேன்சிச் சரக்கு எடுக்கிறவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சரக்கைப் பேக் செய்து கன்டெய்னரில் ஏற்றிவிடுகிற கிடங்கு மேஸ்திரி வட அன்ஹுய்க்காரர். ஒரு வசந்த விழா (சீனப் புத்தாண்டு) சமயத்தில் ஊருக்குக் கூட்டிப்போனார். வீடு மூன்று மாடி. முன்பக்கம் பளபளவென்று வெள்ளை டைல்ஸ், பக்கத்துச் சுவர்களுக்குப் பூச்சுகூட இல்லை, வெறும் செங்கல். வருஷத்துக்கு இவ்வளவு என்று சம்பாதித்து அனுப்பி அனுப்பிக் கட்டியது. மேல் இரண்டு மாடியிலும் ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை, பிளாஸ்டிக் தாள் அடித்திருந்தது. ஒரு அறையில் மக்காச்சோளக் கதிர் குவியல். ஃப்ரிட்ஜில் கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படாமல் இருந்தது, கரண்ட் செலவாகும் என்று கிழவி அதைப் போடுவதே இல்லையாம். குடியிருப்பது அந்தக் கிழவியும் ஒரு பேரப் பையனும் மட்டும். பையன் அப்பா வந்திருக்கிறார் என்று ஓடி வரவில்லை. பாட்டி முதுகுக்குப் பின்னால் நின்று என்னையும் அவரையும் ஒரே மாதிரி பார்த்தான்.

மேஸ்திரியிடம் பையனை ஈவூவுக்கே கூட்டி வந்து படிக்க வைக்கலாமே என்றேன். அங்கே சேர்க்கலாம், ஆனால் கடைசியில் பரீட்சை எழுத இங்கேதானே வர வேண்டும், பாடப்புத்தகம்கூட வேற மாதிரி, பிறகு பையன் இரண்டிலும் தோற்பான் என்றார். கோபமெல்லாம் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

---

மருந்துச்சீட்டு

அண்ணா சொல்கிற பரீட்சை காவ்காவ், நம் பிளஸ் டூவும் நுழைவுத் தேர்வும் சேர்ந்த மாதிரி. பதிவு எந்த மாகாணமோ அங்கேதான் பொதுவாக எழுத வேண்டும். 2013லிருந்து பல மாகாணங்கள் வெளியூர்ப் பிள்ளைகளையும் நிபந்தனையோடு அனுமதிக்கின்றன, ஆனால் பெய்ஜிங், ஷாங்காய் இரண்டும் இன்றைக்கும் கதவைத் திறந்து விடவில்லை. பல்கலைக்கழக இடங்களோ மாகாண ஒதுக்கீடு. ஹெனானில் 2024ல் 13 லட்சத்துக்கும் மேல் எழுதினார்கள். பெய்ஜிங்கில் ஒரு லட்சம்கூட இல்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் இருப்பதோ பெய்ஜிங்கில்.

நான் அங்கே எம்பிபிஎஸ் படித்தேன். வார்டில் கவனித்த இன்னொன்று: கிராம மருத்துவக் காப்பீடு 2003லிருந்து உண்டு, கிட்டத்தட்ட எல்லாரும் சேர்ந்திருக்கிறார்கள், அது உண்மையிலேயே பெரிய சாதனை, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் சொந்த வட்டாரத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் திரும்பக் கிடைக்கும் பங்கு அதிகம், மாகாணத் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால் குறையும். முதலில் மொத்தப் பணத்தையும் கையிலிருந்து கட்டிவிட்டு ரசீதோடு ஊருக்குப் போய் வாங்க வேண்டிய காலமும் இருந்தது. பில் பார்த்ததும் டிஸ்சார்ஜ் கேட்டவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். இப்போது வெளி மாகாணத்திலேயே நேரடியாகக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்துவிட்டது, பங்கு வித்தியாசம் மட்டும் அப்படியே இருக்கிறது.

---

கணக்கப்பிள்ளை

சரி, நகராட்சிகள் ஏன் இவர்களுக்குப் பதிவு கொடுக்க மறுக்கின்றன? திமிர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கணக்கைப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994ல் வரிப் பங்கீட்டை மாற்றினார்கள். அதற்கு முந்தைய வருஷம் மொத்த வரி வருவாயில் மத்திய அரசுக்கு வந்தது 22 சதவீதம். மாற்றிய உடனே 56 சதவீதம் ஆகிவிட்டது. பெரிய வரியான மதிப்புக்கூட்டு வரியில் முக்கால் பங்கு பெய்ஜிங்குக்கு. ஆனால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஓய்வூதியம் எல்லாச் செலவும் உள்ளூர் அரசு தலையிலேயே இருந்தது. கையில் காசில்லாத உள்ளூர் அரசுக்கு ஒரே சொத்து நிலம்தான். நகர நிலம் அரசுடையது, கிராம நிலம் கிராமக் கூட்டுடைமை, கிராம நிலத்தைக் கட்டடம் கட்ட விற்க வேண்டுமென்றால் முதலில் அரசு கையகப்படுத்த வேண்டியிருந்தது. விவசாயிக்கு விளைச்சல் மதிப்பை வைத்து நஷ்ட ஈடு கொடுத்துவிட்டு, கட்டட நிறுவனத்துக்கு 70 வருஷக் குத்தகையைச் சந்தை விலையில் ஏலம் விட்டார்கள். நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் நீங்கள் பார்க்கிற மெட்ரோ, பாலம், பூங்கா எல்லாமே. 1998ல் அரசு வீடு ஒதுக்குவதையும் நிறுத்திவிட்டதால் வாங்க ஆள் நிச்சயம். 2021ல் நில விற்பனையில் மட்டும் உள்ளூர் அரசுகளுக்கு வந்தது 8.7 லட்சம் கோடி யுவான். அப்படி ஒரு நகராட்சிக்குப் புதிய தொழிலாளி ஒருவருக்குப் பதிவு கொடுப்பது என்றால் பள்ளி இடம், ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் செலவு. வீடு வாங்கினால்தான் அவரால் வரவு. அதனால்தான் பல நகரங்களில் வீடு வாங்கினால் பதிவு என்று வைத்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? மாப்பிள்ளைக்கு நகரத்தில் ஒரு ஃபிளாட் இல்லையென்றால் பெண் கிடைக்காது என்கிற நிலை. அதற்காக அவன் அப்பா அம்மா, தாத்தா பாட்டி, பெண் வீட்டார் என்று ஆறு பணப்பையைத் திறந்து முன்பணம் கட்டுவார்கள். கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்கு முழு விலை. மாதத் தவணை அன்றைக்கே ஆரம்பம். அந்தப் பணத்தில் நிறுவனம் அடுத்த நிலத்தை ஏலம் எடுக்கும். 2020 ஆகஸ்டில் மூன்று சிவப்புக் கோடுகள் என்று கட்டட நிறுவனங்களின் கடனுக்கு அரசு வரம்பு போட்டதும் சுழற்சி நின்றது. எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டட நிறுவனம் 300 பில்லியன் டாலருக்கு மேல் பொறுப்போடு விழுந்தது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. 2022 கோடையில் வீடே வராதபோது தவணை எதற்கு என்று சிங்தெசென் ஊரில் ஒரு கூட்டம் கடிதம் எழுதி வங்கிக்குத் தவணை கட்டுவதை நிறுத்த, அது நூற்றுக்கணக்கான திட்டங்களுக்குப் பரவியது. சில ஊர்களில் தண்ணீரும் கரண்டும் லிஃப்டும் இல்லாத எலும்புக்கூடுக் கட்டடத்தில் போய்க் குடியேறினார்கள், வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட முடியாமல். இருபதாவது மாடிக்குத் தோளில் தண்ணீர்க் கேன் சுமந்து ஏறினவர்கள் இருக்கிறார்கள்.

---

செங்காந்தள்

இது நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று சேர்க்கிறேன். விலை கொடுத்தது கிராமம் மட்டும் என்று தாழையூத்து சொல்வது முழுக்கச் சரியில்லை. 1990களின் கடைசியில் அரசு ஆலைகளை மூடினபோது இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. இவர்கள் நகரப் பதிவு வைத்திருந்தவர்கள். ஆலை தந்த வீடு, ஆலை நடத்திய பள்ளி, ஆலை ஆஸ்பத்திரி என்று வாழ்ந்துவிட்டு 45 வயதில் கையில் சொற்பத் தொகையோடு வெளியே நின்றவர்கள். வடகிழக்கில் ஷென்யாங் நகரத்துத் தியெசி வட்டாரம் முழுக்க இப்படித்தான். 2002ல் லியாவ்யாங்கில் தெருவில் இறங்கிய உலோக ஆலைத் தொழிலாளர்களின் தலைவர்களைச் சிறையில் போட்டார்கள். இவர்களுக்குத் திரும்பிப் போக வயல்கூட இல்லை.

---

தாழையூத்து

ஒத்துக்கொள்கிறேன், வடகிழக்கு தனிக் கதை. நான் கேட்டதற்குத் திரும்பி வருகிறேன்.

கிராமப் பதிவுத் தொழிலாளர்களின் சராசரி வயது 43ஐத் தாண்டிவிட்டது. 50க்கு மேற்பட்டவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். ஷாங்காய் உள்ளிட்ட பல இடங்களில் 60 தாண்டிய ஆண்களைக் கட்டுமானத் தளத்தில் சேர்க்கக் கூடாது என்று விதி போட்டார்கள், பாதுகாப்புக்காக. பாதுகாப்பு சரி, அப்புறம் அவர் எதைச் சாப்பிடுவார்? நகர ஊழியருக்கு ஓய்வூதியம் சராசரி மாதம் 3,000 யுவானுக்கு மேல். கிராமத்தாருக்கு 2009ல்தான் ஓய்வூதியமே வந்தது. மத்திய அரசு வைத்த குறைந்தபட்ச அடிப்படைத் தொகை 2024ல் 20 யுவான் ஏற்றிய பிறகும் மாதம் 123 யுவானாகத்தான் இருந்தது. நம் பணத்தில் அன்றைக்கு ஆயிரத்து ஐந்நூறுகூட வரவில்லை. சம்பளம் கொடுத்த ஒப்பந்தக்காரர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியக் காப்பீடு கட்டவில்லை. அதனால் டை அடித்து நரையை மறைத்துக்கொண்டு வேலை கேட்கிறார்கள்.

---

அரைடிக்கெட்

புதுசா கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. ஊரில் மூணு மாடி வீடு சும்மா கிடக்குதுன்னா வித்துட்டு அந்தக் காசில் இருக்கலாமே?

---

கணக்கப்பிள்ளை

விற்க முடியாது தம்பி. வீட்டுமனை கிராமக் கூட்டுடைமை. அதே கிராமத்து ஆளுக்குத்தான் கைமாற்றலாம், அவருக்கும் அதே போல ஒரு காலி வீடு இருக்கும். நகரத்துக்காரர் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. வயலைக் குத்தகைக்கு விடலாம், வருமானம் சொற்பம். இன்னொரு பக்கம், விற்கலாம் என்று திறந்துவிட்டால் உள்ளூர் அதிகாரியும் கட்டட முதலாளியும் சேர்ந்து முழு ஊரையே எழுதி வாங்கிவிடுவார்கள் என்ற பயமும் நியாயமானது. குவாங்டோங்கில் வுகான் கிராமம் 2011ல் எழுந்தது இதற்காகத்தான்: ஊர் நிலத்தை நிர்வாகிகள் ரகசியமாக விற்றுவிட்டார்கள். சொந்தத் தேர்தல் நடத்திப் போராட்டத் தலைவரையே தேர்ந்தெடுத்தார்கள், உலகமே கைதட்டியது. 2016ல் அந்தத் தலைவர் ஊழல் குற்றச்சாட்டில் உள்ளே போனார், நிலம் வரவில்லை.

இனி தாழையூத்துக்கு. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். இந்தக் கிராமத்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் சுமார் 17 கோடி. ஆளுக்கு மாதம் 100 யுவான் ஏற்றினால் வருஷத்துக்கு ஆகும் செலவு 20,400 கோடி யுவான். 2021 நில வருவாயோடு வைத்துப் பார்த்தால் இரண்டரை சதவீதத்துக்கும் கீழே. அந்த வருவாய் 2023ல் 5.8 லட்சம் கோடிக்கு இறங்கிவிட்டது என்றாலும், கொடுக்க முடியாத தொகை இல்லை. நல்ல காலத்திலும் கொடுக்கவில்லை என்பதைத்தான் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

---

செங்காந்தள்

ஷி ஜின்பிங் 2021ல் எல்லோருக்கும் பொதுவான செழிப்பு பற்றிப் பேசும்போதே நலத்திட்டவாதத்தில் விழக்கூடாது, சோம்பேறிகளை வளர்க்கக்கூடாது என்று எச்சரித்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர், பிரிட்டனின் வலதுசாரிப் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் குரலில்! மாதம் 100 யுவான் கூட்டிக் கொடுத்தால் 68 வயதுக்காரர் எந்த வேலையை விட்டுவிட்டுச் சோம்பேறியாவார் என்று எனக்குப் புரியவில்லை. தொழிற்சாலைக்கும் பாலத்துக்கும் போட்டால் முதலீடு, கிழவிக்குக் கொடுத்தால் செலவு என்பதுதான் அங்கே உள்ள மனநிலை. உள்நாட்டு நுகர்வு ஏறவில்லை என்று புலம்புவதும் அதே ஆட்கள்.

---

ஈவூ சரக்கு

மேஸ்திரியின் தங்கை மகன் ஹாங்ஜோவில் உணவு டெலிவரி. மெய்துவான் என்ற டெலிவரி நிறுவனத்தில் மட்டும் 2023ல் 74 லட்சம் பேர் இப்படி ஓட்டிச் சம்பாதித்திருக்கிறார்கள். அவனுக்கு உழவே தெரியாது. வயலுக்குத் திரும்பிப் போகலாம் என்று கணக்கப்பிள்ளை சொல்கிற பேச்சு அவனிடம் எடுபடாது. காப்பீடு கட்டுகிறாயா என்றால் கையில் காசு வேண்டும், அறுபதில் கிடைப்பதை நம்பி இப்போது எதற்குக் கொடுக்க என்கிறான்.

---

மருந்துச்சீட்டு

முழுநேர ஓட்டுநர்களுக்குச் சமூகக் காப்பீடு கட்டுவதாக 2025ல் ஜேடி என்ற இணைய வணிக நிறுவனம் அறிவித்தது, மற்றவர்களும் அதைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் முழுநேரப் பட்டியலிலேயே வரமாட்டார்கள்.

---

தாழையூத்து

அந்தப் பையன் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. ஊழியர் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 15 வருஷம் கட்டியிருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. 2024 செப்டம்பரில் ஓய்வு வயதை ஏற்றிய அதே முடிவில் இதையும் மாற்றினார்கள்: 2030லிருந்து வருஷத்துக்கு ஆறு மாதம் கூட்டி 2039ல் 20 வருஷம். ஆண்களுக்கு ஓய்வு வயதும் 60லிருந்து படிப்படியாக 63 ஆகிறது. வருஷத்துக்கு ஒரு நகரம், ஒரு நிறுவனம் என்று மாறுகிறவர், நடுநடுவே கட்டாமல் விட்டவர், எப்படி 20ஐ எட்டுவார்? எட்டாவிட்டால் அவரும் கிராமத்து ஓய்வூதிய வரிசையில்தான் நிற்க வேண்டும். அவர் அம்மா இப்போது நிற்கிற அதே வரிசை.

கணக்கப்பிள்ளை, உள்ளூர் அரசுகளின் மறைமுகக் கடன் பற்றியும் நீங்கள் தனியாக எழுதலாம். எழுதினால் இங்கேயே இணைப்பு போடுங்கள்.